அண்ணி அளந்த பதினாறு ஸ்பிரிங்

என் அண்ணி பதினோரு வருடம் ஸ்பிரிங்குகளை அமுக்கிப் பார்ப்பதையே வேலையாகச் செய்தவர். சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். பம்புகளுக்கு ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலை அது. சோதனை அறையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு இரும்புக் கருவி. ஸ்பிரிங்கை அதில் நிறுத்தி, கைப்பிடியை இழுத்து, இத்தனை மில்லிமீட்டர் அமுங்கினால் இத்தனை கிலோ எதிர்ப்பு காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டினால் இந்தப் பெட்டி, காட்டாவிட்டால் அந்தப் பெட்டி. ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு. அந்தப் பதினோரு வருடத்தில் அவர் கையைத் தாண்டிப் போன ஸ்பிரிங் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அண்ணி பெருமையாகச் சொல்லவே மாட்டார். நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பக்கத்து இருக்கையில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

தொழிற்சாலையை மூடினார்கள். சாமான்களை ஏலம் விட்டபோது, யாரும் சீண்டாத அந்தச் சோதனைக் கருவியை அண்ணி எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு அப்போதே சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. எஞ்சினின் மேல்பகுதி, அதாவது ஹெட், அதை மட்டும் கழற்றிக்கொண்டு வருவார்கள். அண்ணன் கடைந்து, தேய்த்து, சரிசெய்து கொடுப்பார். அண்ணி அந்தக் கருவியைப் பட்டறையின் ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அண்ணன் வெட்டுவார், அண்ணி அளப்பார். எது மாற்ற வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுப்பதும் மெல்ல மெல்ல அண்ணியின் கைக்கே வந்துவிட்டது. அண்ணனுக்குப் பேச்சு வராது. யார் என்ன கேட்டாலும் தலையை ஜன்னல் பக்கம் ஆட்டுவார். "அவகிட்ட கேளுங்க" என்பதுதான் அவருடைய நீளமான வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயம் விடும் ஒரு கிளப் எங்கள் ஊரில் உண்டு. பந்தயக்காரர்கள் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாரம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு, ஒரு நாள் மட்டும் தலைக்கவசம் மாட்டிக்கொள்கிறவர்கள். அவர்கள்தான் அண்ணிக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு ஆண் இதே வேலையைச் செய்திருந்தால் 'மாஸ்டர்' என்றிருப்பார்கள். இதைச் சொன்னால் அண்ணி, "விடுங்க தம்பி, நல்ல அளவுதானே" என்பார். என்னால் விட முடியவில்லை.

அந்தக் கிளப்பில் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு எஞ்சின் வைத்த சின்னக் கார் அவருடையது. ஒரு நாள் காலையில் ஹெட்டைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் தலையை ஆட்டினார். காகிதம் ஜன்னலோரம் போனது.

அது ஒரு பட்டியல். நகரத்தின் பெரிய சாலையில் கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் வைத்து, பந்தயக் கார் சாமான் விற்கிற ஷோரூம் ஒன்று இருக்கிறது. அங்கே எழுதிக் கொடுத்தது. டைட்டானியம் வால்வு பதினாறு. ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் டைட்டானியம் தொப்பி பதினாறு. இரட்டை ஸ்பிரிங் பதினாறு ஜோடி. புதுக் கேம்ஷாஃப்ட் இரண்டு. கடைசியில் எழுதியிருந்த தொகைக்கு அதே மாதிரி இன்னொரு காரை வாங்கி, அதற்குப் பெயிண்டும் அடித்துவிடலாம்.

"எதுக்கு டாக்டர் இதெல்லாம்?" என்று கேட்டார் அண்ணி.

"ஏழாயிரத்து ஐநூறு சுத்துக்கு மேல போனா எஞ்சின் திக்குது மேடம். வால்வு மிதக்குதாம். ஷோரூம்ல சொன்னாங்க."

வால்வு மிதப்பது என்றால் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கேம்ஷாஃப்ட் சுற்றி வந்து தன் மூக்கால் வால்வை அமுக்கித் திறக்கும். ஸ்பிரிங் அதை இழுத்து மூட வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற, மூடுவதற்குக் கிடைக்கிற நேரம் குறையும். ஸ்பிரிங்குக்குத் தெம்பு இல்லையென்றால் வால்வு உட்காராமல் அந்தரத்தில் நிற்கும். நோய் உண்மைதான். மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் அண்ணியின் புருவம் ஏறியது.

"எத்தனை வரைக்கும் போகணும் உங்களுக்கு?"

"எட்டாயிரத்து இருநூறு போதும்."

"அப்ப ரெண்டு நாள் குடுங்க. முதல்ல இருக்கறதை அளக்கறேன். அளக்காம எதை மாத்தறது?"

இரண்டு நாளில் அண்ணி பதினாறு ஸ்பிரிங்கையும் கழற்றிக் கருவியில் நிறுத்தினார். மூடியிருக்கும் நிலையில் ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ காட்ட வேண்டும். பதினொரு ஸ்பிரிங் காட்டின. மீதி ஐந்து, பதினாலு கிலோவைத் தாண்டவில்லை. வால்வுகளை உருட்டிப் பார்த்தார், தண்டின் தடிமனை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். காற்று உள்ளே வருகிற எட்டு வால்வும் சொக்கத் தங்கம். புகை வெளியேறுகிற எட்டும் சூட்டில் வெந்து நிறம் மாறியிருந்தன. வால்வு ஏறி இறங்கும் குழல்களில் இரண்டு மட்டும் தளர்ந்திருந்தன.

டாக்டர் வந்ததும் அண்ணி ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் விரித்தார்.

"உள்ள வர்ற வால்வு எட்டையும் தொட வேண்டாம். வெளிய போற எட்டுக்கும் ஒரே துண்டா செஞ்ச துருப்பிடிக்காத எஃகு வால்வு போடலாம். குழல் ரெண்டு மட்டும் புதுசு. ஸ்பிரிங் பதினாறும் மாத்தணும். ஆனா இரட்டை வேண்டாம். மேல போகப் போகக் குறுகற மாதிரி ஒத்தை ஸ்பிரிங் வருது. அதுக்குத் தொப்பி சின்னதா இருந்தாப் போதும். சின்னதா இருந்தா எடை தானா குறையும், எஃகே தாராளம். டைட்டானியம் எதுக்கு?"

"இரட்டைன்னா இன்னும் ஸ்ட்ராங் இல்லையா?"

"ஸ்ட்ராங்தான். அந்த அழுத்தம் முழுக்க கேமோட மூக்கு மேல ஏறும். ஒரு வருஷத்துல மூக்கு தேஞ்சுடும். அப்புறம் புதுக் கேம் வாங்க அதே ஷோரூமுக்குப் போவீங்க."

டாக்டர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை, அவர் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை. அண்ணி போட்ட கணக்கு, ஷோரூம் கேட்ட தொகையில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை.

வேலை முடிந்த அன்று நான் பட்டறையில்தான் இருந்தேன். அண்ணி ஒரு அட்டையில் பதினாறு வரி எழுதி டாக்டரிடம் கொடுத்தார். ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் உயரம் முப்பத்தாறரை மில்லிமீட்டர். கேம் வால்வை அமுக்குவது ஒன்பது புள்ளி ஆறு. ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள இன்னும் ஒன்று புள்ளி ஏழு மீதம். அட்டையின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'என்னைக் கேட்காமல் கேம்ஷாஃப்ட்டை மாற்றக் கூடாது.'

"இந்த மீதி இருக்கே, இதுதான் உங்க எஞ்சினோட உசுரு. ஒரு மில்லிமீட்டராவது இருக்கணும். அதுக்குக் கீழ போனா ஸ்பிரிங் ஸ்பிரிங்கா இருக்காது, கட்டையாயிடும்."

"புரியுது மேடம்" என்றார் டாக்டர். அந்த இரண்டு சொல்லும் என் காதில் இன்னும் இருக்கின்றன.

கார் ஓடியது. எட்டாயிரத்து இருநூறு வரை ஒரு திக்கல் இல்லை. மூன்று பந்தயங்களில் டாக்டர் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது என்று ஏறிக்கொண்டே வந்தார். கிளப்பில் நாலு பேர் விசாரித்தார்கள். ஷோரூம் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் கூடினார்கள். ஆறு பேர் நாள் குறித்துக்கொண்டார்கள். ஷோரூம்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "அடுப்படியில செய்யற எஞ்சின்" என்று அவர் கிளப்பில் பேசியதாகக் காதில் விழுந்தது. எங்கள் பட்டறையில் அடுப்பே கிடையாது. தேநீர்கூட எதிர்க் கடையிலிருந்துதான் வரும்.

நான்காவது பந்தயத்தில், பாதி தூரத்தில், டாக்டரின் எஞ்சின் வெடித்தது.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பிரிங் உடைந்து, வால்வு உள்ளே விழுந்து, பிஸ்டன் அதை அடித்து நொறுக்கியிருந்தது. காரை ஷோரூம் வண்டி ஏற்றிக்கொண்டு போனது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் என் மாணவி ஒருத்தி, நான் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "சார், இதுல சொல்றது உங்க அண்ணி பட்டறையத்தானே?" என்று கைப்பேசியைக் காட்டினாள்.

வீடியோவில் ஷோரூம்காரர் பளிச்சென்ற சட்டையில் நின்றார். இரண்டு விரலில் உடைந்த ஸ்பிரிங். "லோ-பட்ஜெட் வேலை பண்ணா இதுதான் கதி. சில பேர் வீட்டு வேலையையும் எஞ்சின் வேலையையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டாங்க." பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பல் டாக்டர் நின்றார்.

அந்தப் பெண்ணின் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அதற்குள் நாள் குறித்திருந்த ஆறு பேரும், ஒருவர் விடாமல், "கொஞ்ச நாள் கழிச்சுப் பார்க்கலாம்" என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஒரே வாசகம். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியது போல.

அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையும் இல்லை, வசவும் இல்லை.

"தம்பி, இதைக் கொஞ்சம் நிறுத்துங்க. பின்னாடி. இன்னும் கொஞ்சம். ஆங், பெருசு பண்ணுங்க."

திரையில் உடைந்த ஸ்பிரிங் பெரிதாக நின்றது. அதன் ஒவ்வொரு சுற்றின் மேலும் கீழும், கம்பி தட்டையாகி, கண்ணாடி போலப் பளபளத்தது.

"சுத்தும் சுத்தும் முட்டியிருக்கு" என்றார் அண்ணி. "நான் ஒண்ணு புள்ளி ஏழு விட்டேன். அவ்வளவு இடம் இருந்தா முட்டவே முட்டாது. யாரோ கேமை மாத்தியிருக்காங்க."

அண்ணன் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினார்.

டாக்டருக்கு ஒன்பது தடவை கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மறுநாள் காலை அண்ணி வெளியே கிளம்புகிற புடவையில் பட்டறைக்கு வந்தார். "தம்பி, பாடம் எப்ப முடியும்? என்னை அந்த டாக்டர் கிளினிக்ல விடணும்."

"நானும் உள்ள வரேன் அண்ணி."

"வாங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

கிளினிக்கில் அண்ணி பெயர் கொடுத்து டோக்கன் வாங்கினார். பதினாலாம் எண். கன்னம் வீங்கியவர்களுக்கு நடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே டிரில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணைக் கூப்பிட்டதும் அண்ணி உள்ளே போய், நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்து படுத்துக்கொண்டார். டாக்டர் முகமூடியுடன் திரும்பி, பழக்கதோஷத்தில், "வாயைத் திறங்க" என்றார்.

"நான் எதுக்குத் திறக்கணும்? நீங்க திறங்க டாக்டர்" என்றார் அண்ணி.

முகமூடிக்கு மேலே இருந்த கண்கள் இரண்டும் அண்ணியை அடையாளம் கண்டுகொண்டன. உதவிக்கு நின்ற நர்ஸை அவர் வெளியே அனுப்பினார். என்னை அனுப்பப் பார்த்தார், நான் அசையவில்லை.

"கேமை எப்ப மாத்துனீங்க?"

டாக்டர் கருவிகளை அடுக்கினார். "பந்தயத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

"யாரு மாட்டுனது?"

"ஷோரூம்ல. பாதி விலைக்குத் தரேன்னார். இன்னும் பதினஞ்சு குதிரைசக்தி கிடைக்கும்னார். ஸ்பிரிங் தாங்குமான்னு கேட்டேன் மேடம், சத்தியமா கேட்டேன். அதெல்லாம் தாங்கும்னு சொன்னார்."

"அளந்தாங்களா?"

டாக்டர் சின்னக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"நான் எழுதிக் குடுத்த அட்டை எங்க?"

"கார்லதான் இருந்துச்சு."

"சிவப்புல எழுதியிருந்தேனே. வேற எந்தக் கலர்ல எழுதியிருக்கணும், சொல்லுங்க."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். வேர்த்திருந்தது. "எஞ்சின் போனதும் எனக்கே தெரிஞ்சு போச்சு மேடம். ஆனா அவர் முந்திக்கிட்டு ஸ்பிரிங் உடைஞ்சுடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். இவ்வளவு செலவு பண்ணி நானே என் எஞ்சினைக் கெடுத்துக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? நான் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. பொய் எதுவும் சொல்லல."

"சொல்லலதான். அவர் சொன்னப்ப பக்கத்துல நின்னீங்க."

நான் என் வாக்கைக் காப்பாற்ற உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவனைக்கூட ஒரு வகையில் புரிந்துகொள்ளலாம், அவனுக்கு அதில் லாபம் இருக்கிறது. உண்மை தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இந்தப் படித்த, நல்ல மனிதர்களை என்ன செய்வது? ஊரில் யாரைக் கேட்டாலும் இவரைத் தங்கமானவர் என்பார்கள். தன் மானம் ஒரு சுற்றுக் குறையாமல் இருக்க, இன்னொருத்தியின் பதினோரு வருடத்தை, பட்டறையை, பெயரை, எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து வழக்கம் போலப் பல் பிடுங்குகிறார்.

அண்ணி நாற்காலியிலிருந்து இறங்கினார். "ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு மைதானத்துக்கு வாங்க. உடைஞ்ச ஹெட்டும் அந்தக் கேமும் டிக்கியில இருக்கணும். அது உங்க சொத்து, கேட்டா ஷோரூம்ல குடுத்துத்தான் ஆகணும். நான் சண்டை போட வரல. அளக்க வரேன்."

வெளியே வந்ததும் வரவேற்பில் இருந்த பெண் ஆலோசனைக் கட்டணம் கேட்டாள். அண்ணி என்னைப் பார்த்தார். "குடுத்துடுங்க தம்பி. ஒண்ணே கால் மணி நேரம் அவங்க ஃபேன் காத்து வாங்கியிருக்கோம்." என் வாழ்க்கையில் அவ்வளவு கோபத்தோடு நான் பணம் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தொடங்குவதற்கு முன் கிளப் ஆட்கள் கூடாரத்தில் நின்றிருந்தார்கள். அண்ணன் ஒரு மடக்கு மேஜையைக் கொண்டுவந்து விரித்தார். அண்ணி வெர்னியர் என்ற நுண்ணளவுகோலையும் ஒரு சுத்தமான துணியையும் வைத்தார். ஷோரூம்காரர் தன் மெக்கானிக்கோடு கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால். டாக்டர் வர மாட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் மனைவியின் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவரும் மனைவிதான். டாக்டர் இறங்கி டிக்கியைத் திறந்தார்.

அண்ணி கேம்ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்து மேஜையில் வைத்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். வெர்னியரை ஷோரூம் மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"நான் அளந்தா என் கணக்குன்னு சொல்வாங்க. நீங்க அளங்க. நீங்களே படிங்க."

அந்த மெக்கானிக் முதலாளியை ஒரு தடவை பார்த்தார். கூட்டத்தின் நடுவில் அவரால் என்ன சொல்ல முடியும்? மெக்கானிக் மூக்கின் உயரத்தை அளந்தார், அடியை அளந்தார், கழித்தார். மறுபடியும் அளந்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, "பதினொண்ணு புள்ளி ஒண்ணு" என்றார்.

"நான் ஸ்பிரிங் போட்டப்ப இருந்த கேம் ஒம்பது புள்ளி ஆறு" என்றார் அண்ணி. "ஒண்ணரை மில்லிமீட்டர் கூட. நான் விட்ட மீதி ஒண்ணு புள்ளி ஏழு. அதுல ஒண்ணரையை இவங்க தின்னுட்டாங்க. மிச்சம் என்ன?"

"புள்ளி ரெண்டு" என்று மெக்கானிக்கே சொன்னார்.

"எட்டாயிரம் சுத்துல புள்ளி ரெண்டு. நகத்தோட தடிமன்கூடக் கிடையாது."

ஷோரூம்காரர் முன்னால் வந்தார். "பந்தய எஞ்சின்னா எதிர்காலத்துல கேம் மாத்துவாங்கன்னு தெரிஞ்சு ஸ்பிரிங் போட்டிருக்கணும்."

"நீங்க என்னைக்கு எதை மாத்துவீங்கன்னு நான் கனவு கண்டு வைக்கணுமா? அட்டையில எழுதி வச்சேன். படிக்க அரை நிமிஷம். அளக்க அஞ்சு நிமிஷம். உங்க ஷோரூம்ல கண்ணாடிச் சுவர் இருக்கு, ஏசி இருக்கு. ஒரு வெர்னியர் இல்லையா?"

யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் டாக்டர் பேசினார். சத்தமே வரவில்லை. அவர் மனைவி, "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார். இரண்டாம் முறை கேட்டது. கேமை மாற்றியது தன் முடிவு, மேடத்திடம் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்ததை மதிக்கவில்லை, வீடியோவில் நின்றது தப்பு. சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இத்தோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். கிளப் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சரி. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கவனக்குறைவு நடந்திருக்கு. இதோட விட்டுருவோம். பந்தயத்துக்கு நேரமாச்சு" என்றார்.

அண்ணியின் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ரெண்டு பக்கமா? என் பக்கத்துல எந்த மில்லிமீட்டர் தப்பு? காட்டுங்க. பதினாறு வரி எழுதியிருக்கேன், அதுல ஒரு வரியைத் தொட்டுக் காட்டுங்க. காட்ட முடியலைன்னா அந்த வார்த்தையைத் திரும்ப எடுங்க. பந்தயம் நிக்கட்டும்."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. "சரி, எடுத்துக்கறேன். பட்டறை மேல தப்பில்ல" என்று முணுமுணுத்தார். அண்ணன் மேஜையை மடக்கினார். ஷோரூம் மெக்கானிக் வெர்னியரைத் துடைத்து, இரண்டு கையாலும் அண்ணியிடம் கொடுத்தார்.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீடியோவை ஷோரூம்காரர் நீக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினார், கருத்து எழுதும் இடத்தை மூடிவிட்டார். நாற்பதாயிரம் பேர் பார்த்தது பார்த்ததுதான். கூடாரத்தில் நடந்ததைக் கண்டவர்கள் முப்பது பேர் இருக்கலாம். நாள் குறித்து ஓடிப்போன ஆறு பேரில் நால்வர் திரும்பி வந்தார்கள். அதில் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை, ஏதோ வெளியூர் போய்விட்டு வந்தவர்கள் போல, "என்ன மேடம், சௌக்கியமா?" என்றார்கள். அண்ணி அவர்களுக்கும் அளந்துதான் கொடுத்தார்.

டாக்டரும் வந்தார். உடைந்த ஹெட்டுடன். வாசலிலேயே அண்ணன் மறித்தார். "எடுத்துட்டுப் போங்க டாக்டர்." அண்ணனிடமிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை முதல் முறையாகக் கேட்டேன். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஆனால் ஜன்னலோரத்திலிருந்து அண்ணி எழுந்து வந்து, போர்வையை விலக்கி, மூன்றாவது சிலிண்டர் பக்கம் நொறுங்கிய குழியை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏங்க, இது என்ன பண்ணுச்சு பாவம். வைக்கச் சொல்லுங்க."

பதினாறு ஸ்பிரிங்கும் புதிது. நொறுங்கிய இடத்தில் உலோகம் நிரப்பி அண்ணன் கடைந்தார், டாக்டரோடு ஒரு வார்த்தை பேசாமல். பெரிய கேமை என்ன செய்வது என்று டாக்டர் கேட்டபோது அண்ணி சொன்னார்: "வித்துடுங்க. நீங்க ஓட்டற ஓட்டுக்கு அது வேண்டாம். வளைவுல பிரேக்கைச் சீக்கிரம் அமுக்கறீங்க, அதைச் சரிபண்ணுங்க. செலவே இல்ல."

இப்போது அண்ணி அட்டையில் எழுதுவதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு ஹெட்டின் பக்கவாட்டிலும், இந்த எஞ்சினுக்கு வால்வை அதிகபட்சம் எவ்வளவு அமுக்கும் கேம் போடலாம் என்ற எண்ணை இரும்பு எண்ணச்சு வைத்துச் சுத்தியலால் அடித்துவிடுகிறார். அட்டையைக் காணோம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒரு எண்ணுக்கு நான்கு சுத்தியலடி. ஒவ்வொரு அடியும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே விழுவதாக எனக்குத் தோன்றும். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.